திண்டாட்டத்துக்குக் கணக்கு உண்டா?

நாம் உபாத்தியாயத் தொழிலில் புகுந்த புதிதில், வேறொரு ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்தோம். வருஷா வருஷம் பரீட்சை முடிவு வெளியானதும் அந்தப் பள்ளியின் வாசலில் ஒரு பெரிய துணியைக் கட்டுவார்கள். "பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி!" என்று அதில் கொட்டை எழுத்தில் காணும். அந்த வாசகத்தில் பொய் ஒரு துளியும் கிடையாது. பரீட்சை எழுதிய பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். தேறியவர்களும் நாற்பத்தொரு பேர். பொங்கலுக்கு முன்னால் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள் என்பது மட்டுந்தான் துணியில் எழுதப்படாத விஷயம். மற்ற ஏழு பேரின் பெற்றோர்களையும் அழைத்து, "பையன் இந்த வருஷம் சிரமப்படுவான், தனியாக எழுதிக் கொள்ளட்டும்" என்று நயமாகச் சொல்லிக் கையில் டி.ஸி.யைக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி இப்போது ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. நாம் சொல்ல வந்தது கணக்கு சமாசாரம். நூற்று விகிதம் என்பது மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் உடைய பின்னம். மேலே இருப்பதைச் சீர் செய்ய முடியாதவர்கள் கீழே இருப்பதில் கை வைத்தால் போதும். விகிதம் தானாக அழகு பெற்றுவிடும். சர்க்கார் வெளியிடும் வேலையில்லாதோர் விகிதமும் அப்படி ஒரு பின்னந்தான். மேலே இருப்பவர்கள் வேலை தேடுகிறவர்கள்; கீழே, வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்த தொகை. தேடித் தேடிக் கால் ஓய்ந்து ஒருவன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டானானால், அவன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவன் நம்பிக்கை இழந்த அன்று தேசத்தின் வேலையில்லாத் திண்டாட்டம் ஓர் இம்மி குறைந்துவிடுகிறது!

2020-ம் வருஷத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா நோய்க்குப் பயந்து ஊரையெல்லாம் பூட்டி வைத்த வருஷம். அந்த 2020-21-ம் நிதி ஆண்டில் பாரத தேசத்தின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டைக் காட்டிலும் நூற்றுக்கு ஆறு அளவில் சுருங்கிப் போயிற்று. மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2017-ம் வருஷம் முதல் தொழிலாளர் நிலை பற்றி இடைவிடாமல் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. அதில் 2019 ஜூலையிலிருந்து 2020 ஜூன் வரை வேலையில்லாதோர் நூற்றுக்கு 4.8 பேர். அதற்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 4.2 பேர்! அதற்கும் அடுத்த ஆண்டு 4.1; 2022-23-ல் 3.2, 2023-24-லும் 3.2. ஆலைகள் மூடின, கடைகள் மூடின, லட்சோப லட்சம் ஜனங்கள் பட்டணங்களிலிருந்து மூட்டை முடிச்சுடன் சொந்த ஊருக்கு நடந்தார்கள். வேலையில்லாதோர் தொகை மட்டும் சமர்த்தாகக் குறைந்து கொண்டே வந்தது.

இதற்குப் பக்கத்தில் சர்க்காரின் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2005-ம் வருஷத்துச் சட்டப்படி நடந்து வந்த நூறு நாள் வேலைக்கு 2019-20-ல் சுமார் ஐந்தரைக் கோடிக் குடும்பங்கள் போயின. 2020-21-ல் ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் போயின. 265 கோடி நாட்களாக இருந்த வேலை 389 கோடி நாட்களாக உயர்ந்தது. கடும் வெயிலில் கண்மாயில் மண் சுமக்கும் வேலைக்கு வேறு பிழைப்பு உள்ளவர்கள் போகமாட்டார்கள் என்பது கிராமத்தில் இருக்கும் நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே சர்க்காரின் கணக்குத்தான். இரண்டையும் எழுதியவர்கள் யோக்கியமான உத்தியோகஸ்தர்கள்தான். பின் எப்படி ஒன்று இறங்க, மற்றொன்று ஏறிற்று?

"எல்லாம் பொய்க் கணக்கு ஸார்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நண்பர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்ல. வாசல் துணியில் பொய் இல்லை என்று சொன்னோம் அல்லவா? அது போலவே இதிலும் பொய் இல்லை. பின்னே என்ன இருக்கிறது என்பதை நமது சூலக்கரையிலிருந்தே சொல்லலாம்.

சூலக்கரை, விருதுநகருக்குத் தெற்கே கரிசல் மண்ணில் உள்ள ஊர். வானம் பார்த்த பூமி. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. மற்றப் பக்கங்களில் பருத்தியும் சோளமும், அவை இல்லாத இடத்தில் சீமைக் கருவேலமும். சுற்று வட்டாரக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே வேன்கள் வந்து நிற்கும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குப் போவார்கள். ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக் கொண்டு வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. மழை பொய்த்த இந்தச் சீமையில் அந்த இருவரும் கொண்டு வந்த தொழிலினால்தான் பல ஊர்களில் அடுப்பு எரிந்து கொண்டிருக்கிறது.

2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி, பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் செய்தது. பேரியம் உப்புச் சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி இங்கே நாம் விசாரிக்கவில்லை. டில்லியில் மூச்சு விடத் திணறுகிற குழந்தையும் குழந்தைதான். ஆனால், அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் திறக்கவில்லை. மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. விடியற்காலை வேன் சத்தம் நின்று போயிற்று.

அந்த மார்கழியில் நம்முடைய பிளஸ் டூ வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பதினைந்து வருஷமாகக் குழாய்க்குத் திரி வைக்கிற வேலை பார்த்தவர். மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா என்று யோசனை கேட்க வந்திருந்தார்.

"அப்படியென்றால் உங்களுக்கு இப்போது வேலையே இல்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"வேலைக்கு என்ன சார் குறைச்சல்? ஒரு நிமிஷம் உட்காரவில்லை. கையில் காசுதான் வரமாட்டேன் என்கிறது" என்றார்.

விசாரித்தபோது அவருடைய அந்த வாரத்துச் சரித்திரம் தெரிந்தது. ஒரு நாள் ஒரு புஞ்சையில் பருத்தி எடுக்கப் போனார். பாதி நாள் கூலி. இரண்டு நாள் கொழுந்தனாருடைய பெட்டிக் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக் கொண்டார். கூலி கிடையாது, ஒரு படி அரிசி கொடுத்தார்கள். கணவர் வேலி மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற இடத்துக்குப் போய் ஒரு நாள் விறகு அடுக்கிக் கொடுத்தார். அதற்குத் தனிக் கூலி இல்லை, கணவர் கூலியிலேயே அடக்கம். நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

புள்ளிவிவர இலாகாவின் கணக்காளர் ஒருவர் அந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? விதி தெளிவாகவே இருக்கிறது. கடந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாளில், ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தவர் அந்த வாரத்தில் வேலையில் இருந்தவர் ஆவார். கூலி வாங்கினாரா என்பது கேள்வி அல்ல. குடும்பத் தொழிலில் சும்மா உதவி செய்தாலும் வேலைதான். இது வாரக் கணக்கு. பத்திரிகைகளில் தலைப்பு ஏறுகிற விகிதம் பெரும்பாலும் வருஷக் கணக்கு. அதில், வருஷத்தில் பெரும் பகுதி வேலையில்லாமல் தேடிக் கொண்டிருந்தவர்கூட, உபதொழிலாக முப்பது நாள் ஏதேனும் செய்திருந்தால் வேலை உள்ளவர்களின் பக்கம் சேர்ந்துவிடுகிறார். ஆகையால் அந்த அம்மாள், சிவகாசி பூட்டிக் கிடந்த வருஷத்திலும் சர்க்கார் கணக்கில் சந்தேகமில்லாமல் வேலையில் இருந்தவர்.

கணக்காளர் கையில் உள்ள படிவத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு குறி எண் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு 31. சில்லறைக் கூலிக்காரருக்கு 51. வேலை தேடுகிறவருக்கு 81. வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்மணிக்கு 92. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுகிறவருக்கு 21. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்மணி நேற்று வரை அடுப்பங்கரையில் இருந்தார். அவர் எண் 92. இன்று கணவனின் வேலை போயிற்று; வாசலில் இட்லிக் கடை போட்டார்கள்; அவர் மாவு அரைத்துக் கொடுக்கிறார். அவர் எண் 21 ஆகிறது. குடும்பத்தின் வருமானம் பாதியாய்க் குறைந்திருக்கிறது. ஆனால், கணக்கில் வேலை செய்வோர் தொகையில் ஒன்று கூடியிருக்கிறது!

இது ஏதோ நம்முடைய கற்பனை என்று எண்ண வேண்டாம். அதே ஆய்வு அறிக்கையின் உள்ளே, தலைப்புக்கு வராத பக்கங்களில், எல்லாம் அச்சாகி இருக்கிறது. வேலை செய்வோரில் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர் 2017-18-ல் நூற்றுக்கு 13.6, 2023-24-ல் 19.4. சுயதொழில் செய்வோர் எல்லாரையும் சேர்த்தால் 52.2 என்பது 58.4 ஆயிற்று. மாதச் சம்பளம் வாங்குவோர் 22.8-லிருந்து 21.7-க்கு இறங்கினார்கள். விவசாயத்தை நம்பியவர்கள் 2018-19-ல் 42.5; நோய் வந்த 2020-21-ல் 46.5, 2023-24-லும் 46.1. அதாவது, போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஒரு தேசம் முன்னேறுகிறபோது ஜனங்கள் நிலத்திலிருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போவதுதான் உலக வழக்கம். இங்கே வண்டி பின்பக்கம் உருண்டிருக்கிறது. அதே ஏழு வருஷத்தில்தான் வேலையில்லாதோர் விகிதம் 6.1-லிருந்து 3.2-ஆகப் பாதியாயிற்று.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் வேலைக்கு வருவது அதே காலத்தில் நூற்றுக்கு 23-லிருந்து 41-க்கு மேல் உயர்ந்தது. இதெல்லாமே வறுமையின் காரியம் என்று அடித்துச் சொல்ல நாம் தயாராக இல்லை. எப்போதும் மாடு மேய்த்துப் பால் கறந்து கொண்டிருந்த பெண்களை முன்பு கணக்கில் சேர்க்காமல் விட்டு, இப்போது நன்றாகக் கேள்வி கேட்டுச் சேர்த்துக் கொண்டிருக்கலாம். அப்படியானால் அது நல்லதே. ஒரு மணி நேர விதியும் டில்லியில் பிறந்தது அல்ல. அது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் விதி. வேலையற்றவருக்கு சர்க்காரே வாராவாரம் படி அளக்கிற சீமைகளில் அந்த விதி ஓரளவு பொருந்தும். அங்கே வேலை போனவன் நல்ல வேலை வரும்வரை தேடிக் கொண்டே இருக்கலாம். நம் ஊரில் வேலை போனவன் சாயங்காலத்துக்குள் வேறு எதையாவது செய்தாக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்கும் கையில் கொஞ்சம் வசதி வேண்டும், போங்கள்! 2022-23-ல் மொத்த விகிதம் 3.2 ஆக இருந்தபோது பட்டதாரிகளிடையே அது 13.4. அப்பன் சோறு போடுகிற வீட்டில்தான் பிள்ளை 81-ம் எண்ணாக இருக்க முடியும்.

இந்தச் சிக்கல் நம் அறிஞர்களுக்குப் புதிதல்ல. தாந்த்வாலா தலைமையில் அமைந்த நிபுணர் குழு 1970-லேயே, இந்தத் தேசத்தின் வேலையில்லாமையை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் வருஷக் கணக்கு, வாரக் கணக்கு, நாள் கணக்கு என்று பல அளவுகோல்கள் வந்தன. பொருளாதார நிபுணர் ராஜ் கிருஷ்ணா, எத்தனை நேரம் வேலை கிடைக்கிறது என்பதோடு, அதிலிருந்து வருகிற வருமானம் போதுமா, இன்னும் செய்ய மனம் இருக்கிறதா, செய்கிற வேலையால் பயன் விளைகிறதா என்றும் கேட்க வேண்டும் என்று 1973-ல் எழுதினார். தமிழில் நாம் வழங்கி வந்த சொல்லைப் பாருங்கள்: வேலையில்லாத் திண்டாட்டம். இப்போது உத்தியோக பாஷையில் 'வேலையின்மை' என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியபோது உதிர்ந்து போனது திண்டாட்டம். நம்முடைய ஜில்லாவில் வேலையின்மை கொஞ்சம், திண்டாட்டம்தான் அதிகம்.

கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் காட்டிலும் நம்மைக் கவலைப்படுத்துகிற விஷயம் வேறொன்று. எடுத்த கணக்கு உரிய நாளில் வெளியே வர வேண்டும். மேலே சொன்ன ஆய்வின் முதலாவது அறிக்கை, 2017-18-ம் வருஷத்தியது, தேசியப் புள்ளிவிவரக் கமிஷனின் அங்கீகாரம் பெற்றும் வெளியாகவில்லை. 2019 ஜனவரியில் கமிஷனின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும், அங்கத்தினர் ஜே.வி. மீனாட்சியும் ராஜிநாமாச் செய்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு பத்திரிகை விகிதத்தை அம்பலப்படுத்திற்று: 6.1, நாற்பத்தைந்து வருஷத்தில் காணாத அளவு. அறிக்கை இன்னும் முடிவானதல்ல என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். பிறகு பொதுத் தேர்தல் நடந்தது. புதிய மந்திரிசபை மே 30-ந் தேதி பதவி ஏற்றது. மறுநாள் அறிக்கை வெளியாயிற்று. விகிதம் அதே 6.1. புதிய முறையில் எடுத்த கணக்கைப் பழைய கணக்கோடு ஒப்பிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. தேர்தல் முடிகிறவரை பெட்டியில் வைத்துப் பூட்டியதற்கு அந்த நியாயம் போதாது.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1930-ல், பங்கு மார்க்கெட் சரிந்து பஞ்சம் தலை தூக்கிய சமயத்தில், அங்கே ஜனத்தொகையோடு வேலையில்லாதோரையும் எண்ணினார்கள். எண்ணும் பொறுப்பில் இருந்த சார்லஸ் பெர்ஸன்ஸ் என்பவர் நடுவிலேயே ராஜிநாமாச் செய்துவிட்டார். காரணம் என்ன தெரியுமா? ஆலை மூடி, திறந்ததும் திரும்ப அழைக்கிறோம் என்று முதலாளி சொல்லி அனுப்பிய தொழிலாளிகளை வேலையில்லாதவர்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. வேலை இருக்கிறது, ஆலைதான் திறக்கவில்லை என்பது அங்கே கண்ட தத்துவம். வெளியிட்ட தொகை சுமார் 24 லட்சம். அடுத்த ஜனவரியில் மறுபடி எடுத்த கணக்கில் அது அறுபது லட்சத்தைத் தாண்டிற்று. இடையில் நிலைமை மோசமானது பாதிக் காரணம். முதலில் விட்டுப் போனவர்கள் பாதிக் காரணம். 2025 ஆகஸ்டில், அதே தேசத்தில், முந்திய இரண்டு மாதங்களின் வேலைக் கணக்கைத் திருத்தி 2,58,000 குறைத்து வெளியிட்ட அன்றே, புள்ளிவிவர இலாகாவின் தலைவி எரிக்கா மெக்கென்டார்ஃபரை ஜனாதிபதி வீட்டுக்கு அனுப்பினார். வெப்பமானியை உடைத்தால் ஜுரம் இறங்கும் என்கிற வைத்தியம் எந்தச் சீமைக்கும் பொதுவாயிருக்கிறது.

நாம் அந்நியரிடம் விடுதலை கேட்ட காலத்தில் கையில் இருந்த ஆயுதங்களில் கணக்கும் ஒன்று. தாதாபாய் நௌரோஜி, 1867-68-ம் வருஷத்துக்கு இந்தியன் ஒருவனின் சராசரி வருமானம் இருபது ரூபாய் என்று கணக்கிட்டு, சிறைச்சாலைக் கைதிக்கு ஆகிற செலவோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார். சர்க்கார் தரப்பில் பிற்பாடு இருபத்தேழு என்றார்கள்; கர்ஸன் பிரபு முப்பது என்றார். அந்தச் சண்டைக்கு நௌரோஜி உபயோகித்ததும் பெரும்பாலும் சர்க்காரே அச்சிட்ட புள்ளிவிவரந்தான். ஆண்டவர்கள் தங்களுக்குப் பாதகமான கணக்கையும் அச்சிட்டு வைத்ததனால்தான் அவரால் அவர்களுடைய கையைப் பிடிக்க முடிந்தது. சுதந்திர தேசத்தில் அதற்குக் குறைந்து போகலாமா?

நல்ல காரியங்களும் நடக்கின்றன. 2025 ஜனவரி முதல் ஆய்வு மாதாமாதம் நடக்கிறது; அதற்கு முன் ஒரு லட்சம் வீடுகளில் கேட்டது போய், 2,70,000 வீடுகளுக்கு மேல் கேட்கிறார்கள்; ஜில்லாவை அடிப்படையாக வைத்து வீடுகளைப் பொறுக்குகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் எந்த வீட்டைப் பொறுக்குவது, பொறுக்கிய ஒரு வீடு எத்தனை வீட்டுக்குச் சமம் என்று தீர்மானிக்க, மொத்த ஜனத்தொகை தெரிய வேண்டும். 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கை அந்த வருஷம் எடுக்கவில்லை. 2027-க்கு என்று 2025-ல் அறிவித்தார்கள். அதுவரைக்கும் 2011-ம் வருஷத்துத் தொகையை வைத்து ஊகந்தான். பட்டாசுத் தொழிலை நம்பிப் பிழைப்பவர் எட்டு லட்சம் என்று ஆலை முதலாளிகள் சொல்லி வருகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத்தக்க நல்ல கணக்கு நம்முடைய ஜில்லாவுக்கு இல்லை. ஆலையை மூடச் சொல்கிறவர்களும் திறக்கச் சொல்கிறவர்களும் அவரவர் எண்ணோடு கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

பெயர்ப் பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ல் ஆரம்பித்தவைதான் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்கள். தமிழ்நாட்டில் 2022-ல் அங்கே பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் அறுபது லட்சத்துக்கு மேல். அதை நம்பினால் எதிர்ப்புறம் தப்பு வரும். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்களும் சர்க்கார் உத்தியோக ஆசையில் பதிவைப் புதுப்பித்துக் கொண்டே இருக்கிறார்கள். நம்முடைய பெயரே அந்தப் பதிவில் வேலை கிடைத்த பிறகும் சில வருஷம் இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

அந்த அம்மாள் மகளைத் திருப்பூருக்கு அனுப்பவில்லை. நம்முடைய யோசனையால் என்று சொல்லிக் கொள்ள ஆசைதான்; ஆனால், அவர் அப்படியொன்றும் நம்மைக் கேட்டு முடிவு செய்யவில்லை. காதில் கிடந்ததை அடகு வைத்தார். ஆலை திறந்ததும் பழையபடி வேன் ஏறினார். பெண் விருதுநகரில் கணித பாடம் எடுத்துப் பட்டம் பெற்றாள். சென்ற மாதம் கடைவீதியில் அவளைச் சந்தித்தோம். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாளாம். காலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, சித்தப்பாவின் பெட்டிக் கடையில் மத்தியானம் வரை இருந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறாளாம்.

கணக்காளர் வந்தால் அவளுக்கு எந்த எண்ணைப் போடுவார் என்று கேட்டு, படிவத்தின் விதிகளையும் சொன்னோம். கணிதப் பட்டதாரி அல்லவா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருபத்தொன்று, சார்" என்றாள்.